இரட்டைக் கோடு

பதினோரு முட்டை வைத்தேன்.
இருபத்தோராம் நாள் நான்கு பொரிந்தன.
மிச்சத்தை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன்.
இரண்டு கூமுட்டை.
ஐந்தில் குஞ்சு முழுசாய் வளர்ந்து
ஓட்டைக் கொத்தத் தெம்பில்லாமல் நின்றுபோயிருந்தது.

பொரிந்ததில் ஒன்றுக்கு
மேலலகு ஒரு பக்கம், கீழலகு ஒரு பக்கம்,
ஆணி கழன்ற பட்டறைக் கத்தரி மாதிரி.
கம்பு இறைத்தால் ஓடி வந்து கொத்தும்,
வாயில் மண்தான் வரும்.
மாமா அதைப் பார்க்கவில்லை.
வேறொன்றைத் தூக்கி மூக்கைத் தடவி
"வந்துருச்சு பாரு பாப்பா, கிளிமூக்கு" என்றார்.

சிவதாபுரத்தில் எங்களுக்கு
முன்னறை கொலுசுப் பட்டறை, பின்பக்கம் கோழிக்கூண்டு.
வெள்ளியில் ஒரு குந்துமணி வீணாக்க மாட்டோம்,
அதனால் கோழிக் காலுக்குச் செப்புக் கம்பி.
ஒரு சுற்று என்றால் ஜமீனுடைய மகள்.
இரண்டு சுற்று, அந்த மகளுக்கு ஜமீனிடமே பிறந்தவள்.
மூன்று சுற்றுக்காரிக்கு முறை சொல்லப் பார்த்தேன்,
எந்த வார்த்தையைப் பிடித்துப் போனாலும்
ஜமீன் வாசலில் கொண்டுபோய் விட்டது.

ஜமீன், கொங்கணாபுரம் சந்தையில் பதினெட்டாயிரம்.
வால் விரித்தால் கூண்டு போதாது.
"ரத்தம் வெளியே போனா மூக்கு நேராயிடும்.
சாதி நிக்கணும்னா வீட்டுக்குள்ளயே சேக்கணும்."
சேர்க்கணும் என்றுதான் மாமா சொன்னார்.
கட்டணும் என்று எனக்குக் கேட்டது.

ஐப்பசியில் பெரியாஸ்பத்திரி.
டாக்டரம்மா தலை நிமிராமல் கேட்டார்:
சொந்தத்துலயா?
தாய்மாமன்.
ஒரு கட்டம் போட்டார், ஒரு வட்டம்,
நடுவே கோடு, அதை ஒட்டி இன்னொரு கோடு.
ரெண்டு எதுக்குங்க?
"ரெண்டு பேருக்கும் ஒரே வீடுன்னு அர்த்தம்.
பயப்பட வேண்டாம், பாத்துக்கலாம்"
என்றபோது அடுத்த டோக்கன் உள்ளே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கரண்டு பில்லின் பின்பக்கம்
ஜமீனுக்குக் கட்டம் போட்டேன்.
ஒவ்வொரு வட்டத்துக்கும் இரண்டிரண்டு கோடு
அவனிடமே திரும்பித் திரும்பி
தாள் கிழிந்தது.

பட்டிப்பாடி மாதையன்
மகள் கொலுசுக்குத் திருகாணி போட வந்தபோது
கூடையில் ஒரு சிறுவிடைச் சேவல்,
இருபது கொண்டையூசி வளைவும் தலைசுற்றி இறங்கியது.
சாம்பல் செவலை. மூக்கில் ஒரு விசேஷமும் இல்லை.
கூலி வேண்டாம், மூணு நாள் சேவலை விட்டுட்டுப் போங்க என்றேன்.
மாமா சரக்கோடு விஜயவாடா போயிருந்தார்.
மூன்று சுற்றுக்காரியை, காலில் புண் என்று சொல்லி,
இருபது நாளாய்த் தனியே அடைத்திருந்தேன்.
பழையது வயிற்றில் தங்கும், தெரியும்.

மறுபடி பதினோரு முட்டை.
ஒன்பது.
அடைக்கோழி எழுவதற்குள் பாதி வெளியே ஓடிவிட்டது.
எல்லாம் நேர்மூக்கு, காக்காய் மாதிரி.
மாமா ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்த்தார், கீழே விட்டார்.
"சாதி கெட்டுப்போச்சே, ரஞ்சிதம்."
நான் பிறந்த அன்றிலிருந்து பாப்பா என்றவர்
அன்றைக்குத்தான் பேர் சொன்னார்.

நோட்டில் அப்பன் என்ற இடத்தில்
மலை என்று எழுதி ஒற்றைக் கோடு போட்டேன்.
பொய் சொன்னதற்குக் கொஞ்சம் கூசியது,
ரொம்ப இல்லை.

ராத்திரி தண்ணீருக்கு எழுந்தேன்.
பின்கதவு திறந்திருந்தது.
மாமா குத்தவைத்து உட்கார்ந்து
அந்தக் கோணமூக்குக்கு
விரல் நுனியில் தவிட்டுக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தார்.
பாதி அதன் கழுத்தில் வழிந்தது, துடைத்தார்,
மறுபடி ஊட்டினார்.
திரும்பிப் பார்க்காமலே கேட்டார்:
டாக்டரம்மா என்னிக்கு வரச் சொன்னாங்க?
வியாழக்கிழமை என்றேன்.
நானும் வரேன் என்றார்.